வரம்பு தாண்டிய தட்டு

வில்லாவிசென்சியோ விமான நிலையத்தில் எஸ்நேதா கமார்கோவுக்கு மாமியார் என்று பெயர். "மாமியார் வந்தாச்சா?", "மாமியார் பாத்தாச்சா?", "மாமியார் மூஞ்சி இன்னைக்கு எப்படி?" என்றுதான் விமானக் கொட்டகையான ஹேங்கரில் காலைப் பேச்சு தொடங்கும். அரியாரி விமான சேவை என்கிற சின்னக் கம்பெனியில் அவள் பராமரிப்பு இன்ஸ்பெக்டர். விமானம் பறக்கத் தகுதியானது என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் அது ஓடுபாதைக்குப் போகும். குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்டதைச் சொல்லாமல் விழுங்கத் தெரியாதது அவள் குணம். இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்துவிட்டால் அந்த ஆளை ஹேங்கர் என்ன பாடு படுத்தும் என்று விளக்க வேண்டியதில்லை.

பத்தொன்பது வயதில், சான் மார்த்தின் பக்கத்து மாட்டுப் பண்ணை ஒன்றிலிருந்து தரை கூட்ட வந்தவள். கூட்டிக்கொண்டே பார்த்தாள். எண்ணெய் ஊறிய பாகங்களைத் துடைத்துக் கொடுத்தாள். துடைக்கும்போதே எது எங்கே போகும் என்று கேட்டாள். "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரித்தவர்களையே மறுநாளும் கேட்டாள். தொழிற்பள்ளியில் சேர்ந்து மூன்றாவது முயற்சியில் உரிமம் வாங்கினாள். முதல் இரண்டு முறை தோற்றதை ஹேங்கர் இன்றுவரை மறக்கவில்லை. மூன்றாவதை ஒருவரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டாள். அவன் இரண்டே வருடத்தில் யோபாலில் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். யாராவது அதைக் குத்திக் கேட்டால், "அவனுக்கும் ஆயுள் வரம்பு இருந்திருக்கு. நான்தான் கணக்கு வைக்கல" என்பாள்.

அவளைக் கொமாத்ரே என்று கூப்பிட்டவள் அம்பாரோ ஒருத்திதான். ஹேங்கருக்குப் பின்னால் கம்பெனி கேன்டீனை நடத்துபவள். இருவரும் ஒரே மழைக்காலத்தில் அங்கே வேலைக்கு வந்தவர்கள். அம்பாரோவின் மகள் யூரானிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்த ஞானத்தாய் எஸ்நேதா. பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று அழைத்துக்கொள்வார்கள். கூடப்பிறந்தவளிடம் சொல்ல முடியாததைக்கூடக் கொமாத்ரேயிடம் சொல்லலாம். யூரானி அப்பன் முகம் தெரியாத பெண். எஸ்நேதாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, ஊர்வம்பு பேசிக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள். இருபத்திரண்டு வயதில் ஆசிரியை வேலை கிடைத்து, அந்த வருடம் ஜனவரியில், குவாவியாரே ஆற்றங்கரையில் சான் லேயாந்த்ரோ என்ற காட்டுக் குடியிருப்புக்குப் போனாள். அங்கே போகச் சாலை கிடையாது. படகில் ஒன்றரை நாள். கம்பெனியின் ஒற்றை என்ஜின் விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். எஸ்நேதா கையெழுத்துப் போட்ட விமானத்தில்தான் ஏறிப் போனாள்.

அந்த என்ஜினுக்குள் டர்பைன் தட்டு என்று ஒன்று உண்டு. பெயருக்கேற்ற மாதிரி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுதான். விளிம்பு முழுக்கச் சிறு சிறு தகடுகள் செருகிய கெட்டி உலோகம். நெருப்புக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழலும். விமானம் ஏறும்போது சூடேறி விரியும், இறங்கும்போது ஆறிச் சுருங்கும். அப்படி ஒரு தடவை விரிந்து சுருங்கினால் ஒரு சுற்று. பன்னிரண்டாயிரம் சுற்று முடிந்ததும் தட்டைக் கழற்றிவிட வேண்டும். பளபளவென்று புதுசு மாதிரி இருந்தாலும் கழற்ற வேண்டும். ஏனென்றால் சுழலும்போது அது உடைந்தால், துண்டுகள் என்ஜின் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இருப்பதே ஒரு என்ஜின், கீழே காடு. அதற்குப் பிறகு விமானி செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

காட்டு ஓடுபாதையில் இறங்கும் விமானி எவனும் என்ஜினை அணைக்க மாட்டான். பேட்டரி மக்கர் பண்ணினால் அங்கே யார் வந்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுப்பது? என்ஜின் உறுமிக்கொண்டே இருக்க உப்பு மூட்டையை இறக்கி, கோழிக்கூடையை ஏற்றி, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். காலையில் ஒரு ஸ்டார்ட், ரெண்டு மூணு ஊர், திரும்பி வீடு; மதியம் இன்னொரு ஸ்டார்ட், அதே மாதிரி. இதனால் ஹேங்கர் பேச்சில் சுற்று என்றால் ஸ்டார்ட் என்றே ஆகிவிட்டது. "இன்னைக்கு எத்தனை சுற்று, கேப்டன்?" "ரெண்டு." அந்த இரண்டைத்தான் எஸ்நேதா ஒன்பது வருடமாகப் பதிவேட்டில் எழுதிவந்தாள். அணைக்காமல் இறங்கி ஏறினாலும் அது முக்கால் சுற்று என்று தயாரிப்பாளரின் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரி முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. அவள் நூறு தடவை படித்திருக்கிறாள். ஆனால் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே ஹேங்கரில் அந்தச் சொல்லைப் பழகிவிட்டவள் என்பதால், கண்ணில் பட்டது மண்டையில் ஏறவில்லை.

ஏறியது ஆகஸ்ட் மாதத்தில். புத்தகத்தின் திருத்திய பதிப்பு வந்தது. அந்த வரிக்குக் கீழே ஓர் உதாரணம் சேர்த்திருந்தார்கள்: ஒரு ஸ்டார்ட், நான்கு இறக்கம். எஸ்நேதா அன்றே ஒன்பது வருடத்துச் சரக்குச் சீட்டுகள் இருந்த பெட்டிகளை இறக்கினாள். உப்பு, டீசல், கோழி, தகரம், ஒரு தடவை சவப்பெட்டி என்று எந்த ஊரில் என்ன இறங்கியது என்பதை வைத்து, விமானம் எங்கெங்கே தரை தொட்டது என்று ஐந்து நாள் ராப்பகலாக எண்ணினாள். பதிவேட்டில் இருந்த சுற்று ஐயாயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. நிஜத்தில் ஆனது பதிமூன்றாயிரத்து இருநூற்று நாற்பத்தாறு. தப்பு அவளுடையது. வரம்பைத் தாண்டி ஆயிரத்து இருநூற்று நாற்பத்தாறு சுற்று, அவள் கையெழுத்தில் பறந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் விமானத்தின் மூக்கில் சிவப்பு அட்டையைக் கட்டினாள். கம்பெனி முதலாளி அபெலார்தோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, கல்யாணத் தோரணமா?"

"டர்பைன் தட்டு வரம்பு தாண்டிடுச்சு, முதலாளி."

"நேத்து வரைக்கும் பாதிகூட ஆகலைன்னு எழுதியிருக்கியே."

"தப்பா எழுதியிருக்கேன்."

"யாரு?"

"நான்தான்."

அபெலார்தோ சுற்றி நின்ற மெக்கானிக்குகளைப் பார்த்தார். "கேட்டீங்களாடா? ஒன்பது வருஷம் தப்பா எழுதினவ இன்னைக்குச் சரியா எழுதிட்டாளாம். நாளைக்கு வேற ஒண்ணு எழுதுவா. நாம தினமும் காலையில வந்து இன்னைக்குப் பறக்கலாமா தாயேன்னு கைகட்டி நிக்கணும்."

"மாமியார் பண்ணின பாவத்துக்கு விமானத்துக்குத் தண்டனை, முதலாளி" என்றான் விமானி யெசித். எல்லோரும் சிரித்தார்கள். இருபது வருடம் காட்டுக்குப் பறந்தவன், நல்ல விமானி, கெட்ட வாய்.

புதுத் தட்டு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கம்பெனியின் இன்னொரு விமானம் றெக்கை கழற்றிய நிலையில் ஹேங்கரின் ஓரத்தில் கிடந்தது. எஸ்நேதா அதோடு நிற்காமல், தன் தப்பைத் தானே எழுதி விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்பிவைத்தாள். விஷயம் பரவி, பக்கத்து ஹேங்கர்களிலும் ஸ்டார்ட்டையே சுற்றாக எழுதிவைத்திருந்தது வெளியே வந்தது. புதன்கிழமைக்குள் அந்த நிலையத்தில் மேலும் மூன்று விமானங்களின் மூக்கில் சிவப்பு அட்டை தொங்கியது. அன்று அவள் மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு முதலாளியின் அறையில் இருந்த வானொலிப் பெட்டி கத்தியது. சான் லேயாந்த்ரோவின் சுகாதார உதவியாளன் பேசினான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாழைக்குலை வெட்டப் போன டீச்சரை நாலுமூக்கன் பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. கால் தொடை வரைக்கும் வீங்கிவிட்டது, ஈறிலிருந்து ரத்தம் வருகிறது, சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி போயாக வேண்டும், விமானம் அனுப்புங்கள்.

அபெலார்தோ வானொலியை வைத்துவிட்டு, சத்தம் போட்டு ஆளனுப்பாமல் தானே நடந்து கேன்டீனுக்குப் போய் அம்பாரோவிடம் சொன்னார். அந்த அளவுக்கு அவர் மனுஷர்தான். அம்பாரோ ஏப்ரனோடு ஓடிவந்தாள். கையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தி அப்படியே இருந்தது. யெசித் அதை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தான்.

"நான் போறேன்" என்றான் யெசித். "டாங்க் ஃபுல்லா இருக்கு. மூணு மணிக்கெல்லாம் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கும். மாமியாரே, அந்த அட்டையை எடுத்துட்டு ஒரு கையெழுத்தைப் போடு."

எஸ்நேதா போன் பக்கம் போனாள். அடுத்த இருபது நிமிடம் அவள் ஓடிய ஓட்டத்தை நான் சொல்லாவிட்டால் அது அநியாயம். அரசாங்க ஹெலிகாப்டரைக் கேட்டாள். அது மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மலைமேல் மேகம் இறங்கிவிட்டது, கலைந்தால் வருகிறோம், இல்லையென்றால் விடிந்ததும் என்றார்கள். ஒவ்வொரு ஹேங்கராக ஓடிக் கெஞ்சினாள். பறக்கக்கூடிய ஒரு சின்ன விமானம் காலையிலேயே மித்துவுக்குப் போயிருந்தது. பெரிய விமானம் வைத்திருந்தவர், "அந்தக் குட்டிப் பாதையில, இந்தச் சேத்துல இறங்கினா என் விமானம் அங்கேயே நட்டுக்கிட்டு நிக்கும்" என்றார். இன்னொரு ஹேங்கரில், "எங்க விமானத்துக்கும் உன் புண்ணியத்துல செவப்பு அட்டைதான். நீயே தூக்கிட்டுப் பற" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒரே ஒரு பயணத்துக்கு வரம்பை நீட்டித் தர முடியுமா என்று கேட்டாள். அங்கே இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆயுள் வரம்பை நீட்டிக்க எங்களுக்கே அதிகாரம் இல்லைங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவளுக்குத் தெரிந்ததுதான்.

திரும்பி வந்தபோது எல்லோரும் விமானத்தைச் சுற்றி நின்றார்கள். பறக்கலாம் என்பதற்கான தாளையும் பேனாவையும் அபெலார்தோ விமானத்தின் றெக்கைமேல் எடுத்து வைத்திருந்தார்.

"முதலாளி, நீங்க சொன்னா அவ கையெழுத்து இல்லாமலே எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றான் யெசித்.

"அது மட்டும் நடக்காது" என்றார் அபெலார்தோ. "அட்டை தொங்குற விமானத்தை நான் விட்டு, அது விழுந்தா ஜெயிலுக்குப் போறது நான். அட்டையைக் கட்டினது அவ. அவளே அவுக்கட்டும். இது இப்போ என் முடிவு இல்ல."

செவ்வாய்க்கிழமை அந்த அட்டையைப் பார்த்துக் கல்யாணத் தோரணம் என்று சிரித்த மனிதர், வியாழக்கிழமை அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

அம்பாரோ எஸ்நேதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கொமாத்ரே, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. போறதுக்கு ஒரு ஏத்தம், வர்றதுக்கு ஒரு ஏத்தம். மொத்தம் ரெண்டு. சரியா?"

"சரி."

"ஆயிரத்துச் சொச்சம் தாண்டிடுச்சுன்னு சொல்றாங்களே. அந்த ஆயிரத்துச் சொச்சத்துல ஒரு தடவைகூட உடையல. இன்னும் ரெண்டு தடவைக்கா உடையப் போகுது?"

"உடையலாம். உடையாம இன்னும் ஆயிரம் போகலாம். யாருக்கும் தெரியாது, கொமாத்ரே. அது தெரியாதுங்கறதாலதான் வரம்புன்னு ஒண்ணு வச்சிருக்காங்க."

"ஜனவரியில என் பொண்ணை இதே விமானத்துலதான ஏத்தி அனுப்பின?"

"ஆமா."

"அப்பவே தாண்டியிருந்ததா?"

எஸ்நேதா இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அம்பாரோவுக்குக் கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்காது. "தாண்டியிருந்தது" என்றாள்.

"தாண்டின விமானத்துல ஏத்தி அனுப்பத் தெரிஞ்சது. கூட்டிட்டு வரத் தெரியாதா?"

"அப்போ எனக்குத் தெரியாது. இப்போ தெரியும்."

"அப்போ தெரியாத மாதிரி இரு! இன்னும் மூணு மணி நேரத்துக்குத் தெரியாத மாதிரி இரு!" அம்பாரோ கத்தினாள். குரல் ஹேங்கர் தகரத்தில் மோதித் திரும்பியது.

"யெசித் உள்ள இருப்பான். கூடப் போற நர்ஸ் இருப்பா. யூரானி இருப்பா. மூணு பேரு" என்றாள் எஸ்நேதா. அவள் யூரானியைப் பெறவில்லை என்பது தவிர, மற்றபடி அந்தப் பெண்ணுக்கு எல்லாம் செய்தவள். அவளுக்குப் பிடித்தவர்கள் என்று உலகத்தில் இருந்தது இரண்டே பேர். ஒருத்தி காட்டில் வாயில் ரத்தத்தோடு கிடந்தாள், இன்னொருத்தி முன்னால் நின்று கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என் உயிர் என் இஷ்டம்" என்றான் யெசித். "எனக்கும் சேத்து நீ கணக்குப் போடாதே. அங்க இருந்த விஷமுறி மருந்து தேதி முடிஞ்சதாம். அதையே போட்டுட்டாங்க. கொஞ்சம் தாங்குதாம். நல்லவேளை, அந்த ஊர்ல மாமியார் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. எஸ்நேதா றெக்கையின் அருகே போய்ப் பேனாவை எடுத்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தத் தாளைப் படித்தாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும் என்று அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். இந்த விமானமும் இதன் என்ஜினும் எல்லா வரம்புகளுக்கும் உட்பட்டு, பறக்கத் தகுதியாக இருக்கின்றன என்று நான் சான்றளிக்கிறேன். கீழே அவள் பெயர், அவள் உரிம எண். பேனா முனையைத் தன் பெயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"முடியல, கொமாத்ரே."

அம்பாரோ அவளை அறைந்தாள். எஸ்நேதா நகரவில்லை. இரண்டாவது அறைக்கும் நகரவில்லை. யெசித்தான் அம்பாரோவைத் தோளைப் பிடித்து வானொலி அறைக்குக் கூட்டிப் போனான்.

அன்று மாலை வரைக்கும் மேகம் கலையவில்லை. அம்பாரோ வானொலியின் முன்னால் உட்கார்ந்து மகளோடு இரண்டு தடவை பேசினாள். இரண்டாவது தடவை யூரானி, "அம்மா, விமானச் சத்தம் கேக்குது" என்றாளாம். எந்தச் சத்தமும் இல்லை. எஸ்நேதா வாசலில் நின்று கேட்டாள். உள்ளே வர அம்பாரோ விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பெண் போய்விட்டாள். ஆறரைக்கு ஹெலிகாப்டர் போய் இறங்கியது. உடலைத்தான் கொண்டுவந்தது.

அடக்கத்துக்கு எஸ்நேதா போனாள். ஞானத்தாய் வராமல் இருக்க முடியுமா? கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் அவளைச் சுற்றி இடைவெளி விட்டு நின்றது. "கொமாத்ரே" என்று அவள் அருகில் போனபோது அம்பாரோ அமைதியாகவே சொன்னாள்: "அது அவ மூலமா வந்த உறவு. அவ இல்ல. இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதீங்க, இன்ஸ்பெக்டரம்மா." அந்த மரியாதை அறைந்ததைவிட அதிகமாக வலித்தது. எஸ்நேதா வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேலைக்குப் போனாள்.

எல்லோரும் அவள் வேலையை விட்டுப் போய்விடுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் போகவில்லை என்பதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டார்கள். கேன்டீனில் அம்பாரோ அவளுக்குச் சாப்பாடு போட்டாள்; எல்லோருக்கும் போட்டு முடித்து, சூப்பு ஆறி மேலே கொழுப்பு படிந்த பிறகு போட்டாள். எஸ்நேதா அதைச் சாப்பிட்டாள். அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒன்பது வருடம் தப்பாக எழுதியதற்குக் கடுமையான எச்சரிக்கை, கோப்பில் சேர்க்கப்படுகிறது. தானாக முன்வந்து சொன்னதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

மூன்று வாரம் என்ற புதுத் தட்டு ஐந்து வாரம் கழித்து வந்தது. பழையதைக் கழற்றினார்கள். அபெலார்தோ அதைத் துணியில் சுற்றி, பொகொதாவில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அப்படி அனுப்பச் சொல்லி எந்த விதியும் இல்லை. எரிச்சல்தான் காரணம். பத்து நாளில் முடிவு வந்தது. சாயம் பூசிப் பார்த்தார்கள், ஒலி அலை விட்டுப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. தேய்மானம் இல்லை. குறை எதுவும் காணப்படவில்லை.

அந்தத் தாளை அபெலார்தோ கேன்டீன் சுவரில், அன்றைய சாப்பாடு எழுதும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். அம்பாரோ பருப்பும் சோறும் எடுத்து வைக்கும்போதெல்லாம் கண்ணுக்கு நேராக அது இருந்தது. கிழித்துப் போடவில்லை. மெக்கானிக்குகள் சாப்பிட வரும்போது ஒருவன் சத்தமாகப் படிப்பான்: "குறை எதுவும் காணப்படவில்லை." இன்னொருவன் ஆமென் என்பான். எஸ்நேதா காதில் விழும்படிதான்.

ஆயுள் முடிந்த தட்டை அப்படியே வைத்திருக்கக் கூடாது. யாராவது அதைப் பொய்ச் சீட்டோடு இன்னொரு என்ஜினில் மாட்டிவிடுவார்கள் என்பதால் சாட்சியின் முன்னால் அறுத்துத் துண்டாக்க வேண்டும். அறுத்தவரும் சாட்சியும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி கம்பெனி ஆளாக இருந்தால் போதும். எஸ்நேதா ஒரு புதன்கிழமை மதியம் தட்டை மேசையில் பொருத்திய குறட்டில் இறுக்கி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அறுக்கும் இயந்திரத்தைக் கையில் எடுத்தாள்.

"சாட்சிக்கு ஒரு ஆள் வாங்கப்பா."

ஒருவன் கை கழுவப் போனான். ஒருவனுக்கு வேறு வேலை வந்தது. யெசித் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சிகரெட்டை உருட்டிக்கொண்டிருந்தான். "நல்ல தட்டைக் கொல்றதுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்" என்றான். சாட்சி இல்லாமல் அறுக்கக் கூடாது. அவள் இயந்திரத்தைப் பிடித்தபடி நடு ஹேங்கரில் நின்றாள், அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

கேன்டீன் பக்கத்துக் கதவு வழியாக அம்பாரோ வந்தாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, நேராகக் குறட்டின் அருகே வந்து தட்டைக் குனிந்து பார்த்தாள். அவள் அதை முதன்முதலாகப் பார்க்கிறாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுல எது கெட்டது?"

"எதுவும் இல்ல."

"அன்னைக்குப் போயிருந்தா?"

யெசித்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தான். எஸ்நேதா கண்ணாடியைக் கழற்றினாள். "போயிட்டு வந்திருக்கும்" என்றாள்.

"என் பொண்ணு இருந்திருப்பா."

"அநேகமா இருந்திருப்பா."

"இப்போ எல்லாம் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கே வேற ஒரு விமானம், வேற ஒரு தட்டு, உள்ள எப்படி இருக்குன்னு தெரியாது, அங்க வேற ஒருத்தி பொண்ணு கெடக்கறா. கையெழுத்துப் போடுவியா?"

அம்பாரோ காத்திருந்தாள். என்ன வார்த்தை கேட்க வந்தாள் என்று ஹேங்கரில் எல்லோருக்கும் தெரிந்தது. போடுவேன் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், மன்னிப்பு இல்லாவிட்டாலும் அதன் வாசல் வரைக்காவது போகலாம்.

"மாட்டேன்" என்றாள் எஸ்நேதா.

அம்பாரோ தலையை ஆட்டினாள். "அறு" என்றாள்.

இயந்திரம் அலறியது. பொறி பறந்தது. உலோகம் சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆனது, இரண்டு முறை அறுப்புத் தகட்டை மாற்ற வேண்டியிருந்தது. அம்பாரோ ஓர் அடிகூடப் பின்வாங்காமல், பொறி ஏப்ரனில் விழ விழ நின்று பார்த்தாள். தட்டு இரண்டாகி, ஒரு பாதி தரையில் விழுந்து உருண்டது.

எஸ்நேதா தாளில் தன் கையெழுத்தைப் போட்டாள். சாட்சியின் இடத்தைப் பார்த்தாள், பிறகு அம்பாரோவைப் பார்த்தாள். அம்பாரோ பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினாள். தாளைக் குறட்டு மேசைமேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, குழந்தைகள் எழுதுவதுபோல் குண்டு குண்டாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துத் தாளை எஸ்நேதாவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள்.

"பாத்தீங்களா, இன்ஸ்பெக்டரம்மா? ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரம்தான் ஆகும்."